நீல வளையக்காரன்

— அதை மறுபடி தராசுல வை, அக்கா.

— ரெண்டு தடவை வெச்சாச்சுடா. தராசு என்ன மாமியாரா, கேக்கும்போதெல்லாம் வேற வேற சொல்ல?

— மூணாவது கூண்டுல மத்ததெல்லாம் சோணி. இறகு தேஞ்ச தொடப்பம் மாதிரி. கால்ல நீல வளையம் போட்ட இந்தக் கோழிக்குஞ்சு மட்டும் மாப்பிள்ளை கணக்கா நிக்கிறான்.

— கண்ணு வைக்காதடா... பாவம்.

— பாவமா? அந்தக் கூண்டுத் தீனியில மெத்தியோனினை வேணும்னே கொறச்சிருக்கேன். அந்த ஒரு அமினோ அமிலம் பத்தலைன்னா, மத்தது எவ்வளவு கொட்டினாலும் கல்லீரல்ல 'வளரு'ன்னு சொல்ற மரபணு அடங்கிடும். அதைக் காட்டத்தானே ஒரு வருஷமா நாயா அலையறேன்.

— குஞ்சு வளரலைன்னு காட்ட ஒரு படிப்பு...

— பேச்சை மாத்தாத. மெத்தியோனின் எதுல நெறைய இருக்கு, சொல்லு.

— நீதானே விஞ்ஞானி. நான் கொட்டகை கூட்டறவ.

— முட்டையில.

— தள்ளு, அந்த மூலையைக் கூட்டணும்.

— அவன் அலகு ஓரத்துல மஞ்சளா ஒட்டியிருக்கு பாரு.

— தீனியா இருக்கும்.

— தீனி பழுப்பு. கோழிக்கே கோழி முட்டையா, அக்கா?

— அதுக்குத் தெரியவா போகுது... எல்லாம் ஏறி மிதிச்சுத் தின்னுதுங்க. இவன் மட்டும் மூலையில நின்னான். மனசு கேக்கல. ஒரு நாள்தான், துளி...

— ஒரு நாள்?

— சரி... கூட ரெண்டு மூணு நாள்.

— தெனம் நான் அவிச்சு உன் டப்பாவுல வைக்கிற முட்டை. சாப்பிட்டியான்னு கேட்டா, 'உப்பு கொஞ்சம் தூக்கல்'னு நொட்டை வேற சொல்லுவ. நான் உப்பே போடறதில்ல.

— அட திருட்டுப் பயலே...

— கொட்டகையில ஒருத்தன் ஏறறான், வீட்டுல ஒருத்தி இளைக்கிறா. உன் கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஓடுது.

— அவனை அறுத்துடுவியா?

— மறுபடி பேச்சை மாத்தற.

— கல்லீரலைப் பாக்கணும்னா அறுக்கணும்னு நீதானேடா சொன்ன. நான் செஞ்சதுக்கு அவனை... உன் ஒரு வருஷ வேலையும் என்னால...

— முதல்ல நீ சொல்லு. ஏன் சாப்பிடல?

— பிடிக்கல.

— அக்கா.

— ...இறங்கலடா. தொண்டையில கல்லு மாதிரி நிக்குது. சொன்னா மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில். நீயும் போன தடவை மாதிரி எல்லாத்தையும் போட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துடுவ. இந்த ஆராய்ச்சியாவது முடியட்டும்னு...

— நீயா சொல்லுவேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்.

— அப்போ உனக்கு...

— நீ ஊட்டறதைப் பாத்த அன்னிக்கே அவனைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டேன், யாரும் அறுக்க மாட்டாங்க. டப்பாவுல வர்ற முட்டை அவனுக்குத்தான். டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், நாளைக்கு வரச் சொல்லியிருக்கார். உன் முட்டையை அவர் சொன்ன மாதிரி கொஞ்ச நாளாவே காலைக் கஞ்சியில அடிச்சுக் கலந்துதான் தர்றேன்... 'இப்பல்லாம் கஞ்சி வழுவழுன்னு நல்லா இறங்குதுடா'ன்னு நீதானே சொன்ன.