அடியில் இறங்கிய கொயினா

மீன் நாற்றம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சாந்தோமில் பிறந்தவன் நான். கெட்டுப்போன மீனில் நாறுவது அமீன் என்கிற வஸ்து என்று இன்டர்மீடியட் வகுப்பில் சொன்னபோது, எங்கள் தெரு நாற்றத்துக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்துவிட்டார்களே என்று சிரித்தேன்.

பூட்டின அலமாரியிலிருந்து மருந்தை எப்படி எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். அலமாரியை நான் தொடவே இல்லை. அமீனின் குணம் தெரிந்தால் உங்களுக்கே விளங்கிவிடும். சர்க்கரையையோ சாராயத்தையோ தண்ணீரில் கலந்தால் கலந்ததுதான். அமிலம் விட்டாலும் சோடா போட்டாலும் அவை பாட்டுக்கு இருக்கும். அமீன் அமோனியா வம்சம், காரம். அமிலத்தோடு சேர்ந்து உப்பாகித் தண்ணீரில் கரைந்துவிடும். அதில் சலவைச் சோடாவைப் போடுங்கள். சோடா அமிலத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாவும் அந்த இனம்தான்; அமிலம் போனதும் வெள்ளை வெளேரென்று அடியில் இறங்கிவிடும்.

மயிலாப்பூரில் ஒரு தர்ம வைத்தியசாலையில் நான் கம்பவுண்டர். கொயினா விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு அதன் வரத்து அற்றுப்போயிற்று. வந்த கொஞ்சத்தையும் டாக்டர் கோதண்டபாணி பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தன் கண்ணெதிரே நிறுக்கச் சொல்வார், அமிலம் விட்டுக் கரைக்கச் சொல்வார். ஜாடியில் மிக்ஸ்சர் மருந்தாக ஆன பிறகு அவருக்குக் கவலை விட்டது. கரைந்துபோனதை யார் திருட முடியும்?

என் மகன் அகஸ்டின் போன வருஷம் அந்தக் காய்ச்சலில்தான் போனான். சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். கண்டவன் காலிலெல்லாம் விழுந்தேன். ஒரு வேளைக்குக்கூடக் கொயினா கிடைக்கவில்லை. என் மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தவனுக்கு நடுக்கம் நின்றபோது, குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் என் மகள் மர்சலினுக்குக் குளிர் எடுத்தது. என் மனைவி ஃப்ளோரன்ஸ் அழவில்லை. "இவளையும் குடுத்துட்டு என்னால இருக்க முடியாதுங்க" என்றாள். எனக்கும் முடியாது. டாக்டர் நல்லவர், எல்லாருக்கும் கொடுக்கிற அளவு எங்களுக்கும் கொடுத்தார். ஆனால் அது நடுவில் தீர்ந்துபோனால்? அந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. கோயிலில் முழங்காலில் நின்றுகூட மாதாவிடம் கொயினாவைத்தான் கேட்டேன்.

ஆகவே டாக்டர் சாப்பிடப் போகிற மத்தியான வேளைகளில் மிக்ஸ்சர் ஜாடியில் சோடா போட்டேன். இறங்கினதைத் துணியில் வடிகட்டி, உலர்த்தி, வீட்டுக்குக் கொண்டுபோனேன். மிச்சமான தெளிவில் கசப்புக்காகப் பேதியுப்பு கரைத்து வைத்தேன். டாக்டர் நாக்கில் விட்டுப் பார்த்தார், கசந்தது. ஏழை ஜனங்களுக்கு வெறும் தண்ணீரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து முத்தம்மா என்பவள் தன் மகன் தங்கவேலைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். எதையும் குறை சொல்லத் தெரியாதவள்.

"ஒரு சொட்டு சிந்தாம ஊத்திக்கினுதான் கீறேன் நைனா. குளுரு வுடல. இப்ப வயிறு வேற போய்க்கினே கீது. இன்னா பண்றது?"

கஞ்சித் தண்ணீர் கொடு என்றேன். புட்டியையும் கழுத்துவரை நிறைத்துக் கொடுத்தேன். மற்றவர்களைவிட அவளுக்கு என் கை எப்போதும் தாராளம். பையன் அந்த வாரமே போய்விட்டான். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். இரண்டு நாள் கழித்து அவள் புட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள். "வேற புள்ளைக்கு ஆவும் நைனா" என்றாள். ஆயிற்று. அதே கரையிலிருந்து வந்த ஒரு பெண்குழந்தைக்கு அதில்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் அங்கே சில பிள்ளைகள் போனார்கள். இந்த வருஷம் காய்ச்சல் கடுமை என்றார் டாக்டர். நானும் ஆமாம் என்றேன். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று தெரியாமலா சொல்லிவைத்தார்கள்?

கடைசியில் அவருக்கே சந்தேகம் தட்டி, ஒரு புட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். கொயினா மிக்ஸ்சர் வெயிலில் இலேசாக நீலம் காட்டும். அது காட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

என் வீட்டில் ஊறுகாய்ப் பரணிகளில் நீங்கள் எடுத்தது அந்தக் கொயினாதான். விற்கவா வைத்திருந்தாய் என்கிறீர்கள். ஒரு சிட்டிகை விற்றிருந்தால் என் நாக்கு அழுகட்டும். மர்சலினுக்குச் செலவானது கொஞ்சம்தான். ஈஸ்டருக்கே அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பிறகு ஒரு நாள்கூட மேல் சுடவில்லை, பள்ளிக்கூடம் போய்வருகிறாள். தங்கவேலைத் தூக்கிக்கொண்டு முத்தம்மா முதலில் வந்தது அதற்கும் மூன்று மாதம் கழித்து, ஆடியில்.

எழுதிக்கொள்ளுங்கள். சோடா போட்டது நான், பேதியுப்பு கலந்தது நான். அந்தப் பிள்ளைகளைக் கொன்றதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். பரணிகளை மட்டும் ஸ்டேஷனில் தரையில் வைக்காதீர்கள் ஐயா, ஈரம் ஏறிவிடும். ஐப்பசி மழை தொடங்கப்போகிறது, என் குழந்தைக்கு வேண்டியிருக்கும்.