நாற்பத்தேழை முப்பதால் வகுத்தேன்

பெயர்: பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, தெருவார் வாயில் 'அண்டப்புளுகு வாத்தியார்'. வயது: ஐம்பத்து மூன்று. தொழில்: இயற்பியல் ஆசிரியர். முகவரி: அச்சகத்துக்குப் பின்சந்து, மாடி வீடு.

நான் சொல்லப்போவதைச் சூரிய சந்திரர் வந்து சாட்சி சொன்னாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன்.

என் தங்கையின் கணவர் சைக்கிள் மெக்கானிக். சென்ற மாதம் டயர் கிடங்கின் மொட்டை மாடியிலிருந்து, ஒரு மாடி தாழ்வான அச்சகக் கூரைக்கு அவர் சைக்கிளோடு நேராகப் பாய்ந்ததைத் தங்கை போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். கண்ணுள்ள ஜீவராசி அனைத்தும் அதைப் பார்த்தன. சினிமா ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவரும் பார்த்து, மாப்பிள்ளையை வேலைக்கு வரச் சொன்னார். அதன் பிறகு நான் அந்த வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி, இமை தேயும்வரை எண்ணினேன். அவர் அந்தரத்தில் இருந்தது நாற்பத்தேழு படங்கள். வீடியோ என்றால் நொடிக்கு முப்பது படம் என்று வகுத்ததில் ஒன்றரை நொடிக்கு மேல் வந்தது. மூன்று மீட்டர் விழ முக்கால் நொடி போதும். ஆகவே மாப்பிள்ளை கயிற்றில் தொங்கினார், கயிற்றைப் பிறகு அழித்துவிட்டார்கள் என்று, புவியீர்ப்பே என்முன் கைகட்டி நிற்பதுபோல ஒரு வீடியோ வெளியிட்டேன். அதன் பிறகு ஸ்டண்ட் மாஸ்டர், சொந்த மச்சானே சொல்கிறாரே என்று வேலையை மறுத்துவிட்டார்.

அதன் பிறகு மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்து உட்காராமல், "கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது மச்சான். நாளைக்குக் காலைல நீங்களே கண்ணால பாருங்க," என்றார்.

"கயிறு எடுத்துட்டு வர மறந்துடாதீங்க மாப்ளே," என்றேன். என் மனைவிகூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளி ஸ்டாப்வாட்சோடு என் மாடியில் நின்றேன். கிடங்கின் விளிம்பு மழையில் நனைந்திருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை. அவர் மிதித்து வந்தார், விளிம்பில் சக்கரம் வழுக்கியது, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே விழுந்தார். அதன் பிறகு தங்கை ஓடினாள். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்டாப்வாட்ச் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

இனி அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு தங்கை என்னிடம், "என் போன் நொடிக்கு அறுபது படம் எடுக்கும்ணே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நாற்பத்தேழை அறுபதால் வகுத்தேன். முக்கால் நொடியும் சொச்சமும் வந்தது.

இந்த வாக்குமூலத்தைப் போலீஸ் அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். இதில் என் வாய் ஊதிப் பெருக்கியதையெல்லாம் அதிகாரி அடித்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. முதல் முறை அவர் தாண்டியது உண்மை. அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்திடுகிறேன்.