தொடாத பாட்டில்

சங்கு ஊதுகிறது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. ஓடுகிறேன். ஏரிக்கரை ரோட்டில் ஆளில்லாத ரிக்‌ஷா. ஓட்டியவர் அதற்கடியில் சுருண்டு கிடக்கிறார்.

"ஷுயே போடோ! ஷுயே போடோ!"

விமானத் தாக்குதல் வார்டன் கத்துகிறார். படுக்கச் சொல்கிறார். படுக்கிறேன். வெள்ளைச் சேலை முழுக்க மண். நாக்கில் இன்னும் திராட்சரசத்தின் புளிப்பு.

1971 டிசம்பர். முதல் ஞாயிறு. போர் தொடங்கி மூன்றாம் நாள்.

டாக்குரியா ரயில் பாதையோரம் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை ஒரு கொட்டகை போட்டிருந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி நடந்தே வந்த அகதிகளுக்கு. கஞ்சி, கம்பளி, காலரா வந்தால் சலைன். எனக்கு நர்ஸ் படிப்பு கிடையாது. டாக்டர் ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. முந்தின வருஷம் டைபாய்டில் சாகக் கிடந்தேன். ஆண்டவர் எழுப்பி உட்கார வைத்தார். இத்தனை அன்புக்கு வெறும் பாட்டுப் பாடிவிட்டு வந்தால் போதுமா? அதனால்தான் வீடிருந்த கார்டன் ரீச்சிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் போனேன்.

அந்த வாரம் ரஹிமா. இருபது வயது. குல்னா பக்கம். கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனி சுருங்கி, தண்ணீரில் ஊறிய வண்ணாத்தி விரல்போல. வாயில் ஊற்றியது எதுவும் தங்கவில்லை. புருஷன் கரீம் பக்கத்திலேயே இருந்தான். சனிக்கிழமை அவன் ஒரு காரியம் செய்தான். சீக்கிரம் பிழைக்கட்டும் என்று டியூபின் திருகைத் தளர்த்தி, ஊசியை அசைத்துவிட்டான். அவள் கை வீங்கியது. வாயில் வந்தபடி திட்டினேன். இனி இதைத் தொட்டால் உன் பெண்டாட்டியை நீயே கொன்ற மாதிரி என்றேன். தீதி, தீதி என்று தலையை ஆட்டினான். அவர்கள் பாஷையில் அக்கா.

ஞாயிறு காலை எட்டு மணி. புதுப் பாட்டில் மாட்டினேன். ஒன்றரை மணி நேரம் வரும். இன்னொன்றைத் தலைமாட்டில் வைத்தேன். டாக்டர் இல்லாதபோது பாட்டில் மாற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் எஸ்தர் அக்காவும். அன்று சபையில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை.

அக்கா என் தோளைப் பிடித்தாள். "ஜெபா, நீ போயிட்டு வா. நான் இங்க கெடக்கேன். ஆண்டவரு எங்கயும் ஓடிப்போயிர மாட்டாரு."

"திருவிருந்தை விடலாமாக்கா? ஒரு மணி நேரந்தான. வாங்க."

நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். சபையில் மாதத்துக்கு ஒரு முறைதான் அது. தவறவிட்டால் மாதம் முழுக்க மனசு ஆறாது எங்களுக்கு.

லேக் கார்டன்ஸில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆராதனை. ரசம் பருகி எழுந்தேன். ஒன்பது மணிக்குச் சங்கு. கதவை மூடிவிட்டார்கள். யாரையும் வெளியே விடவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளைப் பார்த்தபடி நின்றேன். ஒன்பதரை. பத்து. பத்தரை. சபையார் முழங்காலில் ஜெபிக்கிறார்கள். நான் கதவருகே போய் நிற்கிறேன். பதினொன்றுக்குக் கதவு திறந்தது. பாதி வழியில் மறுபடியும் சங்கு. அதில்தான் மண்ணில் கிடந்தேன். வார்டன் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து ஓடினேன்.

கொட்டகை. கரீம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் நிரம்பிய பாட்டில். குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். மேலே தொங்குவது காலி. டியூபில் ரத்தம் ஏறி உறைந்திருக்கிறது.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. "தூங்குறா, தீதி. நீங்க சொன்ன மாதிரியே இருந்தேன். நான் எதையும் தொடல."

அவள் கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

அவனிடம் எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. சொன்னேன். அவன் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. எஸ்தர் அக்கா வந்துதான் வாங்கினாள்.

அடுத்த மாதத் திருவிருந்து கொட்டகையிலேயே நடந்தது. போதகர் அப்பத்தோடு வந்தபோது அக்கா ஒரு கிழவருக்குப் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். போதகர் அப்பத்தைக் கையில் ஏந்தியபடி காத்து நின்றார். கரீம் கிழவரின் கையை அசையாமல் பிடித்திருந்தான். அவனுக்கும் அக்கா கற்றுக்கொடுத்திருந்தாள்.

போர் முடிந்திருந்தது; அந்த மாதக் கடைசியில் கொட்டகையைப் பிரித்தோம். வந்தவர்கள் அறுபத்தொருவர். திரும்பிப் போனவர்கள் ஐம்பத்திரண்டு. கரீம் தனியாகப் போனான். மண்ணுக்குள் போனவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேரை நோய் கொண்டுபோயிற்று. ஒருத்தியை நான் ஆராதனைக்குப் போய்விட்டு வருவதற்குள் இழந்தேன்.