குளவிப் படம்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவள், "டிவியில குளவியப் பத்தி ஒரு படம் போட்டாங்க. நல்ல படம். மறுபடி போட்டா நீயும் பாரு" என்றாள்.

மற்றவள் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க தங்கச்சி குளவி கொட்டித்தானே செத்துச்சு. அதப் போயி எப்படிக்கா பார்த்தீங்க?"

"மொதல்ல நிப்பாட்டத்தான் எந்திரிச்சேன். தமிழ்ல வெளக்கம் சொன்னாங்க, அப்படியே ஒக்காந்துட்டேன். ஒரு குளவிய அடிச்சு நசுக்குனா, அதுல இருந்து ஒரு வாடை வருமாம். அந்த வாடைக்குத்தான் கூட்டமே வந்து கொட்டுமாம். அடிக்காம வெலகிப் போயிரணுமாம்."

"நமக்கு யாரு அதெல்லாம் சொன்னா?"

"அன்னிக்கு அவ தலைத்துண்டுல ஒண்ணே ஒண்ணுதான் ஒக்காந்துச்சு. அவ பயந்துபோய் அசையாமத்தான் நின்னா. நான்தான் பக்கத்து நெரையில இருந்து, அடிடி, அடிடின்னு கத்துனேன்."

மற்றவள் அவள் பக்கம் சாய்ந்தாள். பிறகு மெதுவாக, "இத வீட்டுல சொல்லிறாதீங்கக்கா. அம்மா தாங்க மாட்டாங்க" என்றாள்.

"அம்மாவும் அன்னிக்கு அதே மலையிலதான் கொழுந்து எடுத்தாங்க. நான் கத்துனது அவங்களுக்கும் கேட்டுச்சு. இந்தப் படத்தையும் எங்கூடத்தான் ஒக்காந்து பார்த்தாங்க. முடிஞ்சதும் டிவிய நிப்பாட்டிட்டு, சோறு போடவான்னு கேட்டாங்க."