மிஷினில் பதிவான மூச்சு குறித்து சண்முகத்தாய் கூறியது

பெயர் சண்முகத்தாய், வயது 43, காலஞ்சென்ற பொன்னுராஜ் மனைவி, மேலத்தெரு, செட்டியார்பட்டி, இராஜபாளையம் வட்டம். 1999-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என் கணவர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியபடியேதான் வீட்டுக்கு வருவார். அந்தத் தூசியில் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆடிப்பூரத் தேருக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள், அவசரத்துக்கு வர முடியாது என்று டாக்டரிடம் கேட்டு, ஒரு கம்பெனி பார்வைக்குக் கொடுத்திருந்த புது நெபுலைசரை அவள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து, மருந்தும் ஊற்றி வைத்தாள்.

அது மூச்சைக் கவனிக்கிற மிஷின். உள்ளே இழுத்தால் மருந்துப் புகை விடும், வெளியே விட்டால் நின்றுகொள்ளும். மருந்து முழுக்கப் போனதும் விசில் அடிக்கும். பரிபூரணம், "அண்ணாச்சி இழுத்தாத்தான் அது விடும்க்கா. விசில் அடிச்சதும் எடுத்துரு" என்றாள். என் கணவர் அதைப் பார்த்து, "ஏட்டி, மில்லு மேஸ்திரி கூட என்னைய இம்புட்டு கவனிச்சதில்ல" என்று சிரித்தார்.

தேரன்று காலையில் அவருக்கு இழுப்பு அதிகமானது. என் கணவரின் அண்ணன் வைகுண்டராஜ் டாக்ஸி பார்க்கப் போனார். அதன் பிறகு நான் மிஷினைப் போட்டு, என் கணவரை என் தோளில் சாய்த்து, குழாயை அவர் வாயில் வைத்தேன். கொஞ்சம் புகை வந்தது, பிறகு நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் குழிக்குள் இருக்கிறது. டியூபின் ஒரு நுனியை வாயில் வைத்து உறிஞ்சி இழுத்து, வரத் தொடங்கியதும் குடத்தில் விடுவோம். அதைப் போலத்தான் செய்தேன். மிஷின் குழாயை என் வாயில் வைத்து இழுத்தேன், புகை வந்தது, உடனே அவர் வாயில் வைத்தேன், நின்றது. மறுபடியும் என் வாயில் வைத்து இழுத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. சன்னல் வெயிலில் அந்தப் புகை பஞ்சு மாதிரி மிதந்து அவர் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு எடையில்லாமல் போனது. நாங்கள் இரண்டு பேரும் பாயோடு மெதுவாக மேலே போகிறோம் என்று இருந்தது. அவர் முகம் தெளிந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். அதன் பிறகு விசில் அடித்தது.

விசில் சத்தத்தோடு உள்ளே வந்த வைகுண்டராஜ் என் கணவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, "மருந்து பூரா உள்ள போயிருக்கு, பொறவு எப்படி சாவான்? அந்த நர்சு என்னத்தையோ ஊத்தி வச்சிருக்கா" என்றார். அதன் பேரில் புகார் கொடுத்தார். பரிபூரணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இன்று கம்பெனிக்காரர் மிஷினைப் பார்த்துவிட்டு, மருந்து முழுவதையும் ஆள் இழுத்ததாகப் பதிவாகியிருக்கிறது என்றார். டாக்டர் ஐயா, சீக்கில்லாதவர்கள் அந்த மருந்தை இழுத்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்றார். அன்று சாயங்காலம் வரை என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் போடுகிற மாலையைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை, பக்கத்திலிருந்தவர்கள் பிடித்தார்கள். அழுகையினால் என்று எல்லோரும் நினைத்தோம். இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. தொடக்கத்தில் உள்ள சில மூச்சு அவருடையது. மீதி என்னுடையது. எது எவருடையது என்று மிஷினுக்குப் பிரிக்கத் தெரியாது என்கிறார்கள்.

பரிபூரணம் ஊற்றி வைத்த மருந்து என் உடம்புக்குள்தான் போனது. அதில் விஷம் இருந்திருந்தால் நான் செத்திருக்க வேண்டும். நான் சாகவில்லை. அவளை விட்டுவிட வேண்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, பொய் ஏதும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) சண்முகத்தாய்