காயக்கட்டைப் பிரித்த கைகள்

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, மருத்துவத் தோழர்களே, செவிலியத் தங்கைகளே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் தலைமைச் செவிலியர், நாமெல்லாம் 'கறார் அக்கா' என்றழைத்த அம்மையார், மறைந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. அவருடைய பித்தக் குழாயில் அடைத்திருந்த கல்லை எடுத்தவன் நான். கல் முழுதாக வந்துவிட்டது. அக்காவைக் கொண்டுபோனது அதன்பின் வந்த கிருமித் தொற்று.

இருபத்தாறு ஆண்டுகள் அந்தத் தொற்றோடு மல்லுக்கு நின்றவர் யார்? நம் அக்கா! சர்க்கரை நோய், நாள்பட்ட காமாலை, முதுமை, நீண்டுபோன அறுவை, இவற்றில் எது இருந்தாலும் தொற்று எளிதில் பற்றும், அந்த நோயாளியின் காயக்கட்டை நாளுக்கு ஒருமுறை, ஒரே ஒருவர்தான் பிரிக்க வேண்டும் என்பார். இதோ, நம் இயக்குநரையே ஒருநாள் வாசலில் மறித்து, "சார், நீங்க பெரிய ஆளுதான். கிருமிக்கு அது தெரியாது. கையைக் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவிவிட்டுத்தான் வந்தார்!

அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்தோம்? அவருக்குச் சர்க்கரை இருந்தது. பன்னிரண்டு நாள் காமாலை இருந்தது. அறுவை நான்கு மணி நேரம் நீண்டது. இத்தனையும் தெரிந்தவர்கள்தானே நாம்? "அக்கா, காயம் எப்படி இருக்கு, பாக்கலாமா?" என்று ஆளாளுக்குப் போனோம். கட்டைப் பிரித்தோம். வடிகுழாயைத் தொட்டுப் பார்த்தோம். வேறொரு நோயாளியிடம் இப்படிச் செய்திருப்போமா? நம் அக்கா என்ற பாசத்தில் செய்தோம். மூன்று நாளில் நான் மட்டும் எட்டு முறை பிரித்தேன்.

எட்டாம் முறை கேட்டார். "இப்பதானே டாக்டர் ஒருத்தர் பாத்துட்டுப் போனாங்க?"

"ஒரு நிமிஷம்தான்க்கா" என்றேன். என் மனம் நோகக் கூடாதென்று கட்டைப் பிரிக்க விட்டார். மறுநாள் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆறாம் நாள் போய்விட்டார்.

தொற்று எந்த வழியாக வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. மகளே, இத்தனை பேர் முன்னிலையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ தர வேண்டும் என்று கேட்கவில்லை.

தோழர்களே! அழுதுவிட்டுக் கலைந்தால் போதுமா? நாளைக் காலை நம் சமையலறைப் பெரியவருக்கு இதே அறுவை. அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் காமாலை. நம் எல்லோர் பசியும் அறிந்தவர். அவரைப் பார்க்க எல்லோருக்கும் மனம் துடிக்கும். போகாதீர்கள். அக்காவின் பெயரால் கேட்கிறேன், யாரும் போகாதீர்கள்! அவருடைய காயத்தைக் கவனிக்க அக்கா பழக்கிய தங்கை ஒருத்தி இருக்கிறாள்.

தங்கையே, அவசரம் என்று நீ கூப்பிடாமல் நானே வந்து நின்றாலும், உள்ளே விடாதே.