கோடில்லாத புள்ளி

கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வினார்டெர்டா, உலர்ந்த பிளம் பழ விழுது தடவி அடுக்கடுக்காகச் செய்வது. என் மனைவி சிக்ருன் ஐஸ்லாந்துக் குடும்பத்துப் பெண். முன்பெல்லாம் அவள்தான் செய்வாள். இப்போது நான் செய்கிறேன், அவ்வளவு மோசமில்லை.

பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்தவர் நீங்கள். உங்களிடம் சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை. யார் எழுதிய ஆய்வை யார் மேற்கோள் காட்டினார்கள், யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று எண்ணிப் படம் போட்டுக் கொடுப்பதுதான் இந்த வின்னிபெக்கில் என் பிழைப்பாக இருந்தது. எஸ். தோர்லாக்சன், எஸ். புரூயிட் இருவரும் ஒரே ஆளா என்று கேட்கிறீர்கள். ஒரே ஆள்தான், என் சிக்ருன். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு என் பெயரைப் போட்டு எழுதினாள். கணினி அவளை இரண்டு பெண்களாக நினைத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துவைப்பது நம் வேலையில் அரிச்சுவடி.

சிக்ருன் சமூகவியல்காரி. ரயில்வே வேலைக்குப் போய் உயிரோடு திரும்பாதவர்களின் வீடுகளுக்குப் போவாள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலியை அந்தக் குடும்பம் என்ன செய்தது என்று கேட்டு எழுதுவாள். அது கல்யாணத்துக்கு முன்பு, தோழி ரூத்தோடு சேர்ந்து எழுதியது. இன்றும் எங்கெங்கோ படிக்கிறார்கள். தோர்லாக்சனுக்கு விருது கொடுக்க அவளைத் தேடுகிறார்கள் என்றால் பாருங்களேன்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, கடற்கரை ஊரான ஹாலிஃபாக்ஸில் ஒரு பல்கலைக்கழகம் அவளைப் பெரிய பதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. அவளுக்குக் கடல் என்றால் உயிர்.

“தலை எண்ணுற குமாஸ்தாவே, விண்ணப்பத்தோட வைக்க என் கணக்கையும் நீயே போட்டுக் குடுத்துடு,” என்றாள். “நீயும் வந்துடு வெண்டல். அங்கேயும் எண்ணுறதுக்குத் தலை இருக்கும்.”

சொல்வது சுலபம். அங்கே அவளைச் சுற்றிப் பத்துப்பேர் நிற்பார்கள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். நாளடைவில் அந்த வேலைக்கும் நான் தேவைப்பட மாட்டேன்.

அதனால் அவளுடைய இரண்டு பெயர்களையும் சேர்க்கவில்லை. புரூயிட் என்ற பெயருக்கு வந்ததை மட்டும் எண்ணினேன். எண்களில் பொய் கிடையாது, இப்போதும் சரிபார்க்கலாம். படத்தில் மற்றவர்களெல்லாம் கோடுகளால் பின்னிக் கிடந்தார்கள். அவள் மட்டும் ஓர் ஓரத்தில் ஒற்றைப் புள்ளியாக இருந்தாள்.

சமையலறை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதுவா நான்?”

“ஆமா.”

“ரூத்கூட எழுதினதெல்லாம் எங்கே?”

“அதெல்லாம் பழசு, சிக்ருன். இப்ப யாரும் எடுத்துப் பாக்குறதில்ல.”

“ஒருத்தர்கூடவா?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தை அவள்தான் அனுப்பாமல் விட்டாள், நான் தடுக்கவில்லை. பிறகு எழுதுவதை விட்டாள், பாடம் நடத்துவதை விட்டாள். ரூத் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாள். “பாவம் பாத்துப் பேசுறா,” என்பாள். “புருஷனைப் பறிகுடுத்த அந்தப் பொம்பளைங்க என்னை நம்பி அழுதுக்கிட்டே சொன்னாங்க வெண்டல். எல்லாத்தையும் பாழாக்கிட்டேன்,” என்று ஒரு குளிர்காலம் முழுக்க அழுதாள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சே வெடித்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் போய்விடுவாளே.

விருதுக்காரர்கள் கேட்டால், தோர்லாக்சன் இறந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் மெல்லப் பேசுங்கள், உள்ளே தூங்குகிறாள். எழுந்ததும் தேநீரோடு இங்கே வந்து உட்காருவாள். “இன்னிக்காவது யாராவது படிச்சாங்களா?” என்று கேட்பாள். தினமும் கேட்கிறாள். “இல்லம்மா,” என்பேன். என் தோளில் சாய்ந்து அழுவாள், நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். நீங்களே சொல்லுங்கள், ஹாலிஃபாக்ஸில் அவளுக்கு இந்த ஆறுதலை யார் கொடுத்திருப்பார்கள்?